சூரியகாந்தி இயந்திரங்களும் சூறைக்காற்றும்

சோலார் பேனலுக்கு எதிரி யார் என்று கேட்டால் மேகம், தூசி, குரங்கு என்று வரிசையாகச் சொல்வார்கள். காற்று என்று சொல்பவர்கள் குறைவு. கூரை மேல் போல்ட் போட்டு இறுக்கிய பேனலையே பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் காலையில் கிழக்கே பார்த்து, சாயங்காலம் மேற்கே பார்த்து, சூரியகாந்திப் பூ மாதிரி திரும்புகிற பேனல்கள் இருக்கின்றனவே, அவற்றின் வரலாற்றைப் படித்தால் அது சூரியனைத் துரத்திய கதையாகவே தெரியவில்லை. காற்றுக்குப் பயந்து பயந்து வளர்ந்த கதையாகத்தான் தெரிகிறது.

பாரூர் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். ஏரித் தண்ணீர் பாயும் வயல்களைத் தாண்டினால் மாந்தோப்பும் போர்வெல்லும்தான். சில போர்வெல்களுக்குப் பக்கத்தில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் சோலார் பேனல் நிற்கும். மின் இணைப்புக்குக் காத்திருந்து அலுத்தவர்கள் மானியத்தில் வாங்கிய பம்பு செட். அதில் சிலது சூரியனோடு சேர்ந்து திரும்பும். திரும்ப வேண்டியதில் சிலது திரும்பாமல் நிற்கும். (அது ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.) இந்தத் திரும்பும் ஏற்பாட்டுக்கு டிராக்கர் என்று பெயர்.

ஏன் திருப்ப வேண்டும்? அசையாத பேனலுக்கு மதியம் மட்டும்தான் முழு வெயில். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழுந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். திருப்பினால் நம் பக்கத்தில் சுமார் 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதல் மின்சாரம் கிடைக்கும். நான் படிப்பது பி.காம், அதனால் எனக்கு இது இப்படித்தான் புரிகிறது: அதே சரக்கு, அதே கடை, ஆனால் 100 ரூபாய் விற்ற இடத்தில் 115, 120 ரூபாய் விற்பனை. யார் விடுவார்கள்? ஆனால் அசைகிற எதற்கும் மூட்டு வேண்டும். மூட்டு எங்கே இருக்கிறதோ, வலி அங்கேதான் வரும். இது நம் தாத்தா பாட்டிக்கே தெரிந்த விஷயம் :-)

சரி, கதைக்கு வருவோம். இது நம் நாட்டிலேயே தொடங்குகிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

1878. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் துணைப் பதிவாளராக இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு யோசனை. நிலக்கரி கப்பலில் வர வேண்டும், விலையோ அதிகம். இங்கே வெயில் இலவசமாகக் கொட்டுகிறது, அதை வைத்து நீராவி எடுத்தால் என்ன? பிரான்ஸில் மூஷோ என்பவர் உலோகத்தால் புனல் மாதிரி பெரிய பிரதிபலிப்பான் செய்து அதே வேலையை ஏற்கெனவே செய்து காட்டியிருந்தார். ஆடம்ஸ் அந்த உலோகப் புனலை விட்டுவிட்டு, சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற தட்டைக் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டார். முதலில் 72 கண்ணாடிகள். எல்லாவற்றையும் ஒரு பெரிய சட்டத்தில் பொருத்தி, ஒவ்வொன்றையும் ஒரே கொதிகலனைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தார். கொதிகலன் அசையாது. கண்ணாடிச் சட்டம் மட்டும் அரைவட்டத் தண்டவாளத்தில் உருண்டு அதைச் சுற்றி வரும். ஒரு கூலியாள் நாளைக்கு மூன்று நான்கு முறை தள்ளிவிட்டால் போதும். இரண்டரை குதிரைத்திறன் இயந்திரத்தைத் தன் பங்களாவின் பின்புறத்திலேயே இரண்டு வாரம் பகல் முழுக்க ஓட்டிக் காட்டினார். 'வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்று சூரிய வெப்பம்' என்ற பொருளில் புத்தகமும் எழுதினார்.

இன்றைய பார்வையில் இது ஒரு டிராக்கர்தான். மோட்டார் கிடையாது, மனிதன் இருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கூலியாளை மறந்துவிடாதீர்கள், அவர் மறுபடி வருவார்.

அடுத்து அமெரிக்கா. ஆப்ரி ஈனியஸ் என்பவர் 1901-ல் கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரின் தீக்கோழிப் பண்ணை ஒன்றில் ராட்சதக் குடை மாதிரி ஒரு சூரிய இயந்திரத்தை நிறுத்தினார். (தீக்கோழி பார்க்க வந்த சுற்றுலாக் கூட்டத்துக்குக் கூடுதல் வேடிக்கை. விளம்பரம் செய்யத் தெரிந்த மனுஷன்.) சுமார் 33 அடி விட்டம், 1,788 கண்ணாடித் துண்டுகள், நடுவில் கனமான கொதிகலன், கடிகாரப் பொறியால் சூரியனைத் தொடரும் ஏற்பாடு. தண்ணீர் இறைத்தது, பத்திரிகைகள் புகழ்ந்தன. 1903-ல் அரிசோனாவின் மேசா என்ற ஊரில் சாண்ட்லர் என்பவருக்கு முதல் இயந்திரத்தை 2,160 டாலருக்கு விற்றார். ஒரு வாரம் கூட ஆகவில்லை. புயல்காற்றில் கொதிகலனைத் தாங்கிய கட்டு தளர்ந்து, கொதிகலன் கண்ணாடிக் குடைக்குள்ளேயே விழுந்து நொறுங்கியது. மறு ஆண்டு இன்னொரு பண்ணைக்காரர் 2,500 டாலர் கொடுத்து வாங்கினார். அதை ஆலங்கட்டி மழை முடித்து வைத்தது. ஈனியஸ் தொழிலை விட்டே போய்விட்டார்.

எனக்கு இந்த இரண்டு சம்பவங்கள்தான் முழுக் கதையின் சுருக்கமாகப் படுகின்றன. சூரியனைப் பிடிப்பதில் ஈனியஸுக்குத் தோல்வி இல்லை. இயந்திரம் சொன்ன வேலையைச் செய்தது. ஆனால் அந்த வேலைக்குத் தேவைப்பட்ட உருவம், அதாவது பெரிதாக விரிந்த, உயரத்தில் நிற்கிற, ஒரு மூட்டில் தொங்குகிற உருவம், காற்றுக்கு விரித்து வைத்த பாய் ஆகிவிட்டது. படகுக்குப் பாய் என்ன செய்யுமோ அதை இது தன் காலுக்கே செய்துகொண்டது.

இதிலிருந்து பாடம் கற்றவர் மாதிரி வருகிறார் ஃபிராங்க் ஷூமன். 1913-ல் எகிப்தில், கெய்ரோவுக்குத் தெற்கே மாடி என்ற ஊரில் நைல் நதித் தண்ணீரை வயலுக்கு இறைக்க ஒரு சூரிய நிலையம் கட்டினார். குடை கிடையாது. தரையோடு ஒட்டிய ஐந்து நீளமான தொட்டி வடிவப் பிரதிபலிப்பான்கள், ஒவ்வொன்றும் சுமார் 62 மீட்டர். வடக்கு தெற்காகப் படுத்து, கிழக்கிலிருந்து மேற்காகப் புரளும். இன்றைக்கு ராஜஸ்தானிலும் டெக்சாஸிலும் ஏக்கர் கணக்கில் நிற்கும் டிராக்கர்களைப் பார்த்தால் அதே உருவம்தான்: வடக்கு தெற்காக நீண்ட ஒரு அச்சு, கிழக்கு மேற்காகப் புரள்வது, தரைக்கு அருகில் இருப்பது. ஷூமனைத் தோற்கடித்தது காற்று இல்லை, முதல் உலகப் போர். அதற்குப் பின் பெட்ரோல் மலிந்த காலத்தில் யாருக்கும் வெயில் தேவைப்படவில்லை.

நடுவில் நீண்ட இடைவெளி. 1982-ல் கலிபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில் ஆர்கோ சோலார் நிறுவனம் 1 மெகாவாட் நிலையம் அமைத்தபோது 108 இரட்டை அச்சு டிராக்கர்களை நிறுத்தியது. ஒவ்வொன்றும் ஒரு தூண், தலையில் ஒரு பெரிய பேனல் பலகை. அதன் பிறகு காரிசோ சமவெளியில் 5.2 மெகாவாட். 1990-களில் அதைப் பிரித்துப் பேனல்களை விற்றுவிட்டார்கள். இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடக்கிறேன், ஏனென்றால் உண்மையான சுவாரசியம் காற்றைக் கணக்கில் எழுதியபோதுதான் வருகிறது.

காற்றுக் கணக்கு பயங்கரமானது இல்லை, ஒரே ஒரு சூத்திரம்தான். காற்றின் வேகத்தை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரில் எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். 'அதை அதாலேயே பெருக்கி' என்பதுதான் விஷயமே. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. கூட்டு வட்டி மாதிரி, முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

இந்தியாவில் இந்தக் கணக்கைச் சொல்லும் புத்தகம் ஐ.எஸ் 875. கட்டிடங்களின் மேல் விழும் பாரங்களைப் பற்றிய இந்திய தர விதி. 1957-ல் முதல் பதிப்பு, 1964-ல் திருத்தம். 1987-ல் காற்றுக்கென்றே மூன்றாம் பகுதி தனிப் புத்தகம் ஆனது. அதன் அடுத்த திருத்தம் 2015-ல். 1964 திருத்தம் வந்த அதே ஆண்டு டிசம்பரில்தான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் இருக்கிற எண்கள் எந்த மாதிரிக் காற்றைப் பற்றியவை என்று நினைவு வைத்துக்கொள்ள அது உதவும்.

1964 பதிப்பில் இருந்தது காற்றழுத்த வரைபடம். 1987-ல் அதை மாற்றிக் காற்று வேக வரைபடம் போட்டார்கள், அதுவும் 3 விநாடி வீச்சின் வேகம். நாடு ஆறு மண்டலம்: விநாடிக்கு 33, 39, 44, 47, 50, 55 மீட்டர். தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், சராசரியாக 50 ஆண்டுக்கு ஒரு முறை எதிர்பார்க்கக்கூடிய வேகம் இது. 3 விநாடி என்பதைக் கவனியுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது செய்தியில் மணிக்கு 110, 120 கிலோமீட்டர் என்று கேட்டோமே, அது வானிலைத் துறை 3 நிமிடம் சராசரி எடுக்கும் வேகம். நடுவில் ஒரு நொடி ஓங்கி அறைவது அதைவிட அதிகமாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து "எங்க ஸ்ட்ரக்சர் 150 கிலோமீட்டர் தாங்கும் சார்" என்று சொல்பவரிடம், எந்த 150 என்று கேட்பது நல்லது.

அந்தப் புத்தகத்தின் பட்டியலில் நமக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் பெங்களூர்: 33. கோயம்புத்தூரும் மதுரையும் 39. சென்னை 50. சூத்திரத்தில் போட்டால் பெங்களூருக்குச் சதுர மீட்டருக்கு 653 நியூட்டன், மதுரைக்கு 913, சென்னைக்கு 1,500. வேகத்தில் ஒன்றரை மடங்கு வித்தியாசம்தான், அழுத்தத்தில் 2.3 மடங்கு. இப்போது வருகிற பெரிய பேனல் ஒன்று சுமார் 2.6 சதுர மீட்டர். பெங்களூர்க் காற்று அதை நேராக அறைந்தால் 170 கிலோ சொச்சம் பாரம், சென்னைக் காற்று அறைந்தால் 400 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. (சாய்வு, வடிவம், உயரம் எல்லாம் சேர்த்தால் இது கூடும் குறையும். பொறியியல் நண்பர்கள் மன்னிக்கவும்.) ஆக, ஓசூரில் நிற்கிற ஒரே டிசைனை அப்படியே எண்ணூரில் கொண்டுபோய் நட முடியாது. நட்டால் இரும்பு மிச்சம், பேனல் மிஞ்சாது.

இதில் பேனலின் பங்கு கொஞ்சம்தான். பேனலைச் சோதிக்கும் சர்வதேச விதியான ஐ.இ.சி 61215-ல் காற்றுக்கான சோதனை அழுத்தம் 2,400 பாஸ்கல். அதாவது சென்னைக் கணக்கைவிட அதிகம். பிரச்சினை அதைத் தாங்கிப் பிடிக்கும் காலிலும் மூட்டிலும்தான். அந்த டிராக்கரைச் சோதிக்க என்று ஒரு சர்வதேச விதி, ஐ.இ.சி 62817, வந்தது 2014-ல். ஆடம்ஸின் கண்ணாடிச் சட்டம் உருண்டு 136 ஆண்டுகள் கழித்து!

அதுவரை என்ன செய்தார்கள்? இருக்கிற அட்டவணையில் எது நெருக்கமோ அதை எடுத்துக்கொண்டார்கள். பக்கச் சுவர் இல்லாத கொட்டகைக் கூரைக்கு ஐ.எஸ் 875-ல் அட்டவணை உண்டு. சாய்ந்த பேனலும் பார்க்க ஒரு கொட்டகைக் கூரை மாதிரிதானே. அசையாத பேனலுக்கு அது ஓரளவு சரி. டிராக்கர் கொட்டகை இல்லை என்பதைக் காற்றுதான் சொல்லிக் கொடுத்தது.

இங்கே பாலம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1940 ஜூலை 1-ல் அமெரிக்காவின் டகோமாவில் ஒரு தொங்கு பாலம் திறந்தார்கள். நடுத்தொங்கல் மட்டும் 853 மீட்டர், ஆனால் ரொம்பவும் குறுகலான, ஒல்லியான பாலம். நவம்பர் 7-ல் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் காற்றில் துணி முறுக்குவது போல முறுக்கி முறுக்கி அறுந்து விழுந்தது. படம் எடுத்திருக்கிறார்கள், பார்த்தால் இரும்பும் கான்கிரீட்டும் என்று நம்பவே முடியாது. நம் சூத்திரத்தில் 64 கிலோமீட்டரைப் போட்டால் வெறும் 190 நியூட்டன். இதைவிடப் பல மடங்கு அழுத்தத்துக்குக் கணக்குப் போட்டுக் கட்டிய பாலம் அது. காற்று அதைத் தள்ளி விழவைக்கவில்லை. பாலம் அசைய, அந்த அசைவே காற்றின் பிடியைக் கூட்ட, கூடிய பிடி அசைவை இன்னும் பெரிதாக்க, ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி பெருக்கிக்கொண்டே போனது.

இப்போது ஒரு டிராக்கர் வரிசையை நினைத்துப் பாருங்கள். நீளமான ஒரே இரும்புக் குழாய், அதன் மேல் வரிசையாகப் பேனல்கள், பல மாடல்களில் நடுவில் மட்டும் ஒரு மோட்டார். நடுவில் பிடித்திருக்கிறது, இரண்டு ஓரமும் சுதந்திரம். ஈரத்துணியை நடுவில் பிடித்துக்கொண்டால் ஓரம் எப்படி முறுக்கிக்கொள்ளும்? டகோமா பாலத்தின் சின்னத் தம்பி அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பலத்த காற்று வந்தால் டிராக்கர் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பழைய ஞானம். பேனல் தட்டையாகக் கிடந்தால் காற்றுக்கு முகம் காட்டாது, பாரம் குறையும். சரிதானே? நேராகத் தள்ளும் பாரத்துக்கு அது சரி. ஆனால் முறுக்கி ஆடும் ஆபத்து தட்டையாகக் கிடக்கும்போதுதான் அதிகம், அதுவும் புயல் அளவு இல்லாத நடுத்தரக் காற்றிலேயே தொடங்கிவிடலாம். காற்றுச் சுரங்கத்தில் சின்ன மாதிரிகளை வைத்து ஊதிப் பார்த்துத்தான் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். (சென்னை தரமணியில் இருக்கும் எஸ்.இ.ஆர்.சி ஆய்வகத்தில் இப்படி ஒரு காற்றுச் சுரங்கம் இருக்கிறது.) அதனால் சில நிறுவனங்கள் முழுக்கப் படுக்காமல் கொஞ்சம் சாய்த்து நிறுத்துகின்றன, சில அதிர்வை விழுங்கும் டேம்பர் வைக்கின்றன, சில பல இடங்களில் பூட்டுப் போடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு இருக்கிறது.

ஐ.எஸ் 875-ல் இதற்கு ஒரு வாசல் இருக்கிறது. நிமிடத்துக்கு 60 தடவைக்கும் குறைவாக, அதாவது விநாடிக்கு ஒரு தடவைக்கும் மெதுவாக இயல்பாக ஆடக்கூடிய கட்டுமானம் என்றால் சாதாரணச் சூத்திரம் போதாது, அதிர்வுக் கணக்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. எழுதியவர்கள் மனதில் இருந்தது உயரமான புகைபோக்கியும் கோபுரமும். ஆள் உயரத்தில் நிற்கும் ஒரு குழாய்க்கும் இது பொருந்தலாம் என்று 1987-ல் யார் நினைத்திருப்பார்கள்? 2015 பதிப்பிலும் டிராக்கருக்கென்று தனி அத்தியாயம் கிடையாது. அமெரிக்கர்களின் விதிப்புத்தகம் ஏ.எஸ்.சி.இ 7 தரையில் நிற்கும் பேனல்களுக்கு 2022 பதிப்பில் இடம் கொடுத்தபோதும், அது அசையாத பேனல்களுக்குத்தான்.

இனி என் பாடம். அதாவது காசு.

2014-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சோலார் மின்சாரத்துக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. ஆறே ஆண்டில் விற்பனை விலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பேனல் விலை விழுந்ததுதான் முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனால் பேனல் மலிந்த அளவுக்கு இரும்பு மலியாது. எனவே மொத்தச் செலவில் இரும்பின் பங்கு ஏறுகிறது, அடுத்து எதைக் குறைக்கலாம் என்று தேடுகிற கண் அதன் மேல்தான் விழும். குழாயின் கனம் கொஞ்சம் குறையும், இரண்டு காலுக்கு நடுவே தூரம் கொஞ்சம் கூடும், ஒரு மோட்டாரில் இன்னும் நாலு பேனல் மாட்டுவார்கள். அதே நேரம் பேனல் அகலமாகிக்கொண்டே வந்தது, கண்ணாடி மெலிந்தது. பேனல் வரிசையின் அகலம் 10 சதவீதம் கூடினால் குழாயின் மேல் முறுக்கு 21 சதவீதம் கூடும். அங்கேயும் 'அதை அதாலேயே பெருக்கி'தான்.

ஆக ஒரு பக்கம் முறுக்கு ஏறுகிறது, மறுபக்கம் இரும்பு இறங்குகிறது. நடுவில் நிற்பது அந்த விதிப்புத்தகம் மட்டும்தான். "இதற்குக் கீழே போகாதே" என்று சொல்ல வேறு யாரும் இல்லை. ஏலத்தில் குறைந்த விலைக்காரர் ஜெயிக்கிற ஊரில் விதி எந்த எண்ணில் நிற்கச் சொல்கிறதோ, அதே எண்ணில்தான் எல்லோரும் வந்து நிற்பார்கள், அதற்கு மேல் ஒரு கிலோ இரும்பு கூடப் போட மாட்டார்கள். விதியில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் அப்போது ஒரு விலைதான்.

ஒரு உதாரணம். 2015 திருத்தத்தில் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரை புயலுக்காக ஒரு கூடுதல் எண் சேர்த்தார்கள். மருத்துவமனை, புயல் பாதுகாப்பு மையம் போன்றவற்றுக்கு 1.30, தொழிற்கட்டுமானங்களுக்கு 1.15, மற்றவற்றுக்கு 1. இதை வேகத்தோடு பெருக்க வேண்டும். 1.15 என்றால் அழுத்தம் 32 சதவீதம் கூடும். இப்போது சொல்லுங்கள், கடலோரத்தில் ஒரு சோலார் பண்ணை தொழிற்கட்டுமானமா, 'மற்றவை'யா? இதில் யாருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று சொல்ல பொறியியல் பட்டம் தேவையில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் இதையெல்லாம் லேட்டாகத்தான் கவனித்தார்கள். 2019 மே மாதம் டெக்சாஸின் பெக்கோஸ் பகுதியில் 182 மெகாவாட் நிலையம் ஒன்றில் ஆலங்கட்டி மழை 4 லட்சம் பேனல்களைச் சேதப்படுத்தியது. இழப்பு சுமார் 7 கோடி டாலர். அதற்குப் பிறகு பிரீமியம் ஏறியது, கேள்விகள் ஏறின. ஆலங்கட்டிக்கு என்ன செய்ய வேண்டும்? பேனலைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும், அப்போதுதான் கல் நேராக அடிக்காமல் உரசிக்கொண்டு போகும். காற்றுக்கு? படுக்க வைக்க வேண்டும், அல்லது கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். ஆலங்கட்டி காற்றோடுதானே வரும்! 1903-ல் ஒன்று, 1904-ல் ஒன்று என்று ஈனியஸை அடித்த அதே இரட்டையர்கள், இப்போது கைகோத்துக்கொண்டு வருகிறார்கள்.

இனி பாரூருக்குத் திரும்புவோம். கடல் நமக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. புயல் இங்கே வந்து சேர்வதற்குள் மழையாகிவிடும். நம் எதிரி வேறு: சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கருத்துக்கொண்டு வந்து, பத்து நிமிடம் சுழற்றி அடித்துவிட்டுப் போகிற கோடைக்காற்று. பறிக்கத் தயாராக இருக்கும் மாங்காயை உதிர்த்துவிட்டுப் போகுமே, அதே காற்று. புயலுக்கு இரண்டு நாள் முன்னால் எச்சரிக்கை வரும். இதற்கு வராது. டிராக்கர் மோட்டார் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றும்படி செய்தது, ஒரு கோடியிலிருந்து படுக்கைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். காற்றுமானி "ஓடு" என்று சொல்லும்போது காற்று ஏற்கெனவே வந்திருக்கும். பற்றாக்குறைக்கு நம் ஊரில் காற்று அடித்தால் முதலில் போவது கரண்ட். அதனால் டிராக்கருக்குத் தனி பேட்டரி வேண்டும், அந்த பேட்டரியை யாராவது பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

பெரிய நிலையத்தில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். விவசாயியின் பம்பு செட்டுக்கு? வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் 80 சதவீத மானியத்தில் தானியங்கி டிராக்கரோடு சோலார் பம்பு கொடுத்த திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. மத்திய அரசின் விவரக்குறிப்பிலோ கையால் திருப்பும் வகைக்கும் இடம் இருந்தது: நாளைக்கு மூன்று முறை சூரியனைப் பார்த்துத் திருப்பிவிட வேண்டும். பம்பாய்க் கூலியாள் ஞாபகம் இருக்கிறதா? அவர் 1878-ல் செய்த வேலை அப்படியே அரசாங்கக் குறிப்பில் ஏறி, நம் வயலுக்கு வந்திருக்கிறது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. மோட்டார் இல்லாத டிராக்கரில் கெட்டுப்போகப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

5 குதிரைத்திறன் பம்புக்கு 4,800 வாட் பேனல். பேனலுக்கு 300 வாட் என்று வைத்தால் 16 பேனல், சுமார் 32 சதுர மீட்டர். 39 மீட்டர் காற்று நேராக அறைந்தால் கிட்டத்தட்ட 3 டன். இதற்கு எவ்வளவு இரும்பு போட வேண்டும் என்று ஐ.எஸ் 875-ஐத் திறந்தால் அங்கே இன்னொரு அட்டவணை. கட்டுமானத்தின் முக்கியத்துவத்தைப் பொறுத்து வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் எண். சாதாரணக் கட்டிடத்துக்கு 50 ஆண்டு ஆயுள், எண் 1. மின் நிலையம், மருத்துவமனை போன்ற முக்கியமானவற்றுக்கு 100 ஆண்டு, 1-க்கு மேல். விழுந்தால் உயிருக்கும் உடைமைக்கும் பெரிய ஆபத்து இல்லாத வகைக்கு 25 ஆண்டு, 39 மீட்டர் மண்டலத்தில் 0.92. அந்த மூன்றாம் வகைக்கு விதி சொல்லும் உதாரணங்களில் ஒன்று: குடியிருப்பு அல்லாத பண்ணைக் கட்டிடங்கள்.

0.92-ஐ அதாலேயே பெருக்கினால் 0.85. பதினைந்து சதவீத அழுத்தம் கணக்கிலிருந்து போய்விட்டது. விதியை எழுதியவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஒரு வைக்கோல் கொட்டகை சாய்ந்தால் யாரும் சாகமாட்டார்கள், அவர்கள் அதைத்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரே போர்வெல்லை நம்பி நாற்று விட்டவருக்கு அந்தப் பேனல் சாய்வது எந்த வகை? 50 ஆண்டுக்கு ஒரு முறை என்று சொல்கிற காற்று, பேனலின் 25 ஆண்டு ஆயுளுக்குள் ஒரு தடவையாவது வந்துவிட 40 சதவீதம் வாய்ப்பு. (ஒவ்வொரு ஆண்டும் வராமல் இருக்க 0.98, அதை 25 முறை பெருக்கினால் 0.60.) இந்தப் பம்புகளுக்கு நிறுவனம் பராமரித்துத் தரும் காலமோ 5 ஆண்டு. மீதி 20 ஆண்டின் காற்று முழுவதும் விவசாயியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

அவர்களும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. முன்னால் சொன்னேனே, திரும்ப வேண்டியதில் சிலது திரும்பாமல் நிற்கிறது என்று. எல்லாமே பழுது இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் பங்குனி கடைசியில் பேனலைத் தட்டையாகப் படுக்க வைத்து, நாலு மூலையிலும் நைலான் கயிறு போட்டு முளையடித்துக் கட்டிவிடுகிறார். "காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணி குறையும் தம்பி. மத்தியானம் நல்லாத்தான் கொட்டுது" என்றார். சரியாகத்தான் சொல்கிறார். நம் ஊர் அட்சரேகையில் சித்திரையில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல், படுத்திருக்கும் பேனலுக்கு அதுதான் வசதி. ஓரம் முறுக்காமல் இருக்கத்தான் நாலு மூலையிலும் கயிறு. மாங்காய் பறிப்பு முடிந்த பிறகு அவிழ்ப்பாராம்.